கேக்குக்கு வாங்கிய ஏ.சி.

எங்கள் வீட்டுக்கு ஏ.சி. வந்தது எனக்காக இல்லை, என் வீட்டுக்காரருக்காகவும் இல்லை. கேக்குக்காக.

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டின் பக்கவாட்டு அறையில் நான் கல்யாணக் கேக் செய்து கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் கடைசி. "பெங்களூருக்கு எதுக்கு ஏ.சி.? எங்கப்பா இருந்தவரைக்கும் இந்த வீட்டுல ஃபேன் கூடக் கிடையாது" என்று என் வீட்டுக்காரர் சொல்லாத நாள் இல்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு வெயிலை ஒப்புக்கொள்வது என்றால் மானம் போகிற காரியம். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், கை செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருக்கும், வாய் மட்டும் ஊர்க் குளிரைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருக்கும். ஏதோ ஓர் ஏற்றுமதிக் கம்பெனி ஆபீசைக் காலி செய்தபோது பழைய ஜன்னல் ஏ.சி. ஒன்று மலிவாகக் கிடைத்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக் கேக் அறை ஜன்னலில் பொருத்திவிட்டேன். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் மத்தியானச் சாப்பாடு ஆனதும் "கேக் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரேன்" என்று உள்ளே போவார். ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வெளியே வருவார்.

எங்கள் ஆட்கள் ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததுதான் தாமதம், அணையைத் திறந்துவிட்ட மாதிரி வரிசையாகக் கல்யாணங்கள் வந்து விழும். வெயில் உச்சியில் நிற்கிற அந்த வாரங்களில்தான் எல்லா மணப்பெண்களுக்கும் கேக் வேண்டும், எல்லா மாப்பிள்ளைகளுக்கும் கம்பளிக் கோட்டும் டையும் வேண்டும். ஜனவரியில் பண்ணித் தொலைத்தால் என்ன என்று வருஷா வருஷம் திட்டிக்கொண்டேதான் மாவு சலிப்பேன்.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் கல்யாணம் எங்கள் வீட்டிலேயே. என் நாத்தனாருக்கு. வீட்டுக்காரரின் ஒரே தங்கை, பள்ளிக்கூடத்தில் டீச்சர். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சில வருஷங்களுக்கு முன்னால் அவளுக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்து, சர்ச்சில் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் கல்யாண அறிவிப்பு வாசித்து முடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. "பரவாயில்ல அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டாள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஒவ்வொருத்தியும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கல்யாணம் கூடிவந்தபோதும் அவள் எதையும் கேட்கவில்லை. புடவையா, நீங்களே பாருங்க. மண்டபமா, அண்ணன் இஷ்டம். ஒரே ஒரு நாள் நான் ஐசிங் அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அண்ணி, எனக்கு மூணு அடுக்குக் கேக் பண்ணித் தருவீங்களா? அந்தக் கல்லு மாதிரி சக்கரை ஐசிங் வேணாம். பட்டர் ஐசிங். மேல ரோசாப்பூ வெச்சு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஏப்ரல் வெயிலில் வெண்ணெயில் ரோசாப்பூ என்பது புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியம் இல்லை. ஆனால் அவள் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். செய்யாமல் விடுவேனா?

கல்யாணத்துக்கு முந்தின நாள் வீடு நிறையச் சனம். கோலாரிலிருந்து ஒரு கூட்டம், வேலூரிலிருந்து ஒரு கூட்டம். கேக் அறை மேஜையில் மூன்று அடுக்குகளும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தன. மறுநாள் விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள் மண்டபத்துக்குக் கொண்டுபோய்த் தூண் வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதாகத் திட்டம். இளம் ரோஜா நிறத்தில் பூக்கள். நானே செய்ததை நானே சொல்லக்கூடாது, ஆனாலும் அப்படி ஒரு பூ அதற்கப்புறம் என் கையில் வரவில்லை.

மத்தியானம் ஏ.சி. ஒரு தடவை உறுமியது, 'டொக்' என்றது, நின்றுவிட்டது.

அறை சூடேற ஆரம்பித்தது. வழக்கமாக வருகிற மெக்கானிக்குக்குப் போன் செய்தால் அவர் வேறு ஒரு கல்யாணத்தில். இன்னொரு ஆள் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கடைக்காரர் வெள்ளிக்கிழமை வருவதாகப் பெருந்தன்மையுடன் சொன்னார். என் வீட்டுக்காரர் விசிறியை எடுத்துவந்து கேக்குக்கு வீசினார். மேல் அடுக்கில் ஓர் இதழ் மெல்லக் கவிழ்ந்தது. கடைசியில் எங்கள் சர்ச்சில் யாரோ கொடுத்த ஒரு நம்பரில், ஜீவனஹள்ளியில் ஒருவர், "இதோ வரேன்" என்றார்.

வந்தவரைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லாரும் எழுந்து நின்றோம், மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து. கறுப்புக் கோட், டை, கோட்டுப் பையில் வெள்ளைப் பூ. ஸ்கூட்டரிலிருந்து டூல்ஸ் பையை இறக்கிய பிறகுதான் மெக்கானிக் என்று தெரிந்தது.

"என் தங்கச்சிக்கு இன்னிக்குக் கல்யாணங்க்கா. சர்ச்சு காலையிலயே முடிஞ்சது. சாயங்காலம்தான் ரிசெப்ஷன். வீட்டுல இருந்தா ஐஸ் வாங்கிட்டு வா, சேர் தூக்கிப் போடுன்னு பேஜார் பண்றாங்க. அவசர ரிப்பேர்னு சொன்னதும் ஓடியாந்துட்டேன்" என்றார். கோட்டைக் கழற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். கசங்கக்கூடாது என்று வேறு சொன்னார். அந்த நிமிஷத்திலிருந்து என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கோட் ஸ்டாண்டாக நின்றார்.

மனிதருக்குக் கை ஓடினதைவிட வாய் அதிகம் ஓடியது. "நம்ம கை பட்டு ஓடாத ஏ.சி. பெங்களூருல கிடையாதுக்கா" என்றபடி முன்பக்கத்தைத் திறந்து, உப்பிப்போன கெபாசிட்டரைக் கழற்றிப் புதிது மாட்டினார். ஏ.சி. ஓடியது. நாங்கள் எல்லாரும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னோம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 'டொக்'. வயரைக் கழற்றி மாட்டினார். ஓடியது. 'டொக்'. இப்போது அவர் குரல் இறங்கிவிட்டது. "கம்ப்ரஸர் போச்சுக்கா. அது இன்னிக்கு ஆவற வேலை இல்ல."

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் நாத்தனார் உள்ளே எட்டிப் பார்த்தாள். வியர்த்திருந்த பூக்களைப் பார்த்தாள். "பரவாயில்ல அண்ணி" என்றாள்.

அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. யார்மேலாவது எரிந்து விழாவிட்டால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் சீட்டாடுகிறவர்கள் 'ஓ' என்று சத்தம் போட்டார்கள். அவர்களையே ஒரு வழி பண்ணலாம் என்று வெளியே போனேன்.

சந்து முழுக்க அன்று காலையில்தான் சாமியானா போட்டிருந்தார்கள். நடுவில் என் வீட்டுக்காரரின் தாய்மாமா. கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இதெல்லாம் ஒரு வெயிலா? பூமிக்கடியில நாங்க பாத்த சூட்டுல பாதி இருக்குமா?" என்று மற்றவர்களிடம் அளந்துகொண்டே சீட்டைப் போட்டார். நான் திட்ட வாயெடுத்தபடி சுவரோரம் போய் நின்றேன். முதுகில் அனல் அடித்தது. திரும்பிப் பார்த்தால் சாமியானாவின் பக்கத் துணி, விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறது. தொட்டேன். ஓவன் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதுகிற அதே சூடு. எத்தனை வருஷம் ஓவன் முன்னால் நின்றிருக்கிறேன்! வெளியே போகவேண்டிய சூட்டைப் போகவிடாமல் யாரோ அடைத்திருக்கிறார்கள் என்று உடனே புரிந்துவிட்டது. துணியின் பின்னால் எங்கள் ஏ.சி.யின் முதுகு.

சாமியானாக்காரரைக் கூப்பிட்டு, இங்கே ஏன் துணி என்று கேட்டேன். "ஆ அங்கிளே ஹேளிதரு மேடம்" என்று கன்னடத்தில் சொல்லி மாமா பக்கம் கையைக் காட்டினார்.

மாமா சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமாம்மா, நான்தான் கட்டச் சொன்னேன். அந்தப் பொட்டி எங்க மேல சூடா ஊதிக்கிட்டே இருந்துச்சு. மனுஷன் உக்கார முடியல."

"மாமா, சுரங்கத்துல அவ்ளோ சூட்டைத் தாங்கினீங்களே?"

"அங்க சம்பளம் குடுத்தாங்கம்மா" என்றார்.

சிரிக்கவும் முடியாமல் கத்தவும் முடியாமல் துணியை நானே பிடித்து இழுத்தேன். ஓடிவந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்க்கா" என்றார் கூசாமல். பின்பக்கம் ஈரத்துணி போட்டு ஆறவைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். இந்தத் தடவை நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. ஏ.சி. ஓடுகிறது என்ற செய்தி பரவியதும் வேலூர்க் கூட்டம் முழுக்கக் கேக்கைப் பார்க்க வந்துவிட்டது. பூரிக்கட்டையைக் கையில் எடுத்த பிறகுதான் கலைந்தார்கள். பூக்கள் மறுபடி இறுகின. கவிழ்ந்திருந்த இதழை நிமிர்த்தினேன். எனக்கு உயிர் வந்தது.

மெக்கானிக் கையைக் கழுவிக்கொண்டு, கிளம்பிவிட்டதாக வீட்டுக்குச் சொல்ல ஒரு போன் பண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஹாலில் போன். அதன் பக்கத்துச் சோபாவில்தான் என் நாத்தனாருக்கு யாரோ தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். "வந்துனே இருக்கேன்" என்று உற்சாகமாக ஆரம்பித்தவர், "எப்போ?" என்றார். "முழுசாவா?" என்றார். அப்புறம் போனை மெல்ல வைத்தார்.

"என்னாச்சு?" என்றேன்.

"கேக்குங்க்கா. பேக்கரியில இருந்து ஆட்டோல எடுத்துனு வந்திருக்காங்க. வெண்ணெ உருகி, மேல இருந்தது அப்படியே சரிஞ்சு மடியில விழுந்துடுச்சாம். தங்கச்சி ரூமை விட்டு வர மாட்டேங்குதாம். வர்ற சனமெல்லாம் ரூமுக்குள்ள போய்ப் போய்ப் பாத்துட்டு வருதாம்." கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். அவ்வளவு பேசின மனிதர், "ஏதாச்சும் கடையில பாத்துக்கறேன்" என்று முனகிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"இருங்க" என்றாள் என் நாத்தனார். பாதிப் பின்னலோடு எழுந்து கேக் அறைக்குள் போனாள். வெளியே வந்து, "அண்ணி, நடு அடுக்கை எடுத்துக் குடுங்க" என்றாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்று கத்தியே விட்டேன். "நாளைக்கு உனக்குக் கல்யாணம். வாயைத் திறந்து கேட்டது இது ஒண்ணு. இதையும் தூக்கிக் குடுப்பியா?"

"ஐயோ, வேணாங்க்கா" என்று மெக்கானிக் செருப்பைப் போட ஆரம்பித்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "எல்லாரும் வந்து பாவமாப் பாத்துட்டுப் போறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் அண்ணி. கல்யாணத்தன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு அது வேணாம்."

கேக் பெட்டியை எடுத்தேன்.

சொந்தக்காரர் ஒருவரின் மாருதி வேனில் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு நான். ஜன்னலெல்லாம் ஈரத்துண்டு. முன்னால் ஸ்கூட்டரில் கோட் பறக்க மெக்கானிக், மந்திரிக்கு வழிவிடச் சொல்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டே போனார். ஜீவனஹள்ளி பக்கத்தில்தான், ஆனால் ஒவ்வொரு மேட்டிலும் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சின்ன மண்டபம். மேஜைமேல் கேக்கை இறக்கி, கொண்டுபோயிருந்த ஐசிங்கில் ஓரமாக இன்னும் கொஞ்சம் பூ வைத்தேன். அந்தப் பெண்ணை அழைத்துவந்தார்கள். சின்னப் பெண், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கேக்கைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், யாரென்றே தெரியாத என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வெட்டுகிறவரைக்கும் இருந்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது என் நாத்தனார் கேக் அறை வாசலில் நாற்காலி போட்டு யாரையும் உள்ளே விடாமல் உட்கார்ந்திருந்தாள். கேக் உடையாமல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பாள் என நினைத்தேன்.

"சிரிச்சாளா அண்ணி?"

"சிரிச்சா. மாப்பிள்ளை ஊட்டறேன்னு மூக்கெல்லாம் ஐசிங் அப்பிட்டான். துடைச்சுவிடக்கூட விடாம சிரிச்சா."

கேட்டதும் என் நாத்தனார் சிரிக்க ஆரம்பித்தாள். பாதிப் பின்னல் அவிழ, கையால் வாயைப் பொத்தியும் அடங்காமல் அவள் சிரித்த சிரிப்பை, அந்தப் பழைய கல்யாணம் நின்றுபோன நாளிலிருந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவள் அண்ணன் அடுக்களையிலிருந்து ஓடிவந்து, என்னவென்று கேட்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. வெயிலில் போய் வந்ததால் கண் எரிகிறது என்று சொன்னேன்.