தகரத்துக்குக் கீழே ஒன்றரை அடி

என் வேலையில் பாதி மோந்து பார்ப்பது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தோல் கிடங்கில் தரம் பார்க்கிறேன். காலையில் கதவைத் திறந்ததும் தோல் கட்டுகளுக்கு நடுவே மூக்கை வைக்க வேண்டும். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். சுவரை ஒட்டி அடுக்காதே, மேல் ஜன்னலை மூடாதே, மழை நாளில் ஃபேனை நிறுத்தாதே என்று புதிதாக வரும் பெண்களுக்கு வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

மகள் பிளஸ் ஒன் சேர்ந்தபோது அவள் படிக்க மொட்டை மாடியில் ஓர் அறை கட்டினோம். மேலே தகர ஷீட். எங்கள் ஊர் வெயிலில் அதன் கீழே உட்கார முடியாது என்பதால் ஒன்றரை அடி இறக்கி ஃபால்ஸ் சீலிங் போட்டோம். தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே, இரண்டு பக்கச் சுவரிலும் மேஸ்திரி மும்மூன்று துளைகள் விட்டிருந்தார்.

சீலிங் வேலை முடியும் சமயத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கம்பெனியில் கழித்துப்போட்ட, ஷூவின் உள்பக்கம் ஒட்டும் லைனிங் தோல் துண்டுகள் கிடந்தன. கேட்டு வாங்கி வந்து, சீலிங்கின் மேல் மெத்தை மாதிரி இரண்டு அடுக்குப் பரப்பச் சொன்னேன். சூடு இறங்காது என்று கணக்கு. அந்தக் கோடையில் உண்மையாகவே கொஞ்சம் குறைந்தது. என் கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

ஆனால் காற்று ஆற்றுப் பக்கமிருந்து திரும்பும் நாட்களில் தோல் பதனிடும் டேனரிகளின் நாற்றம் அந்தத் துளைகள் வழியாக அறைக்குள் இறங்கியது. மகள் மூக்கைச் சுளித்தாள். நான் மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

"இன்னாக்கா, காத்துக்கு வுட்ட ஓட்டைய அடைக்க சொல்றீங்க?"

"நாத்தம் தாங்க முடியல மேஸ்திரி. புள்ள படிக்கணும்."

"ஆம்பூர்ல பொறந்துட்டு நாத்தம்னா எப்டிக்கா. பேஜாரா பூடும். ஷீட்டு வேர்க்கும், பாத்துக்குங்க."

"தகரம் எங்கியாச்சும் வேர்க்குமா?"

அவர் சிரித்தார். "சரிக்கா, உங்க வூடு" என்று சிமெண்டைக் குழைத்தார். ஆறு துளைகளும் ஒரு மணி நேரத்தில் அடைபட்டன.

ஐப்பசி மழை பிடித்த பிறகு மகளுக்கு இருமல் வந்தது. நாற்றம்தான் காரணம் என்று ஜன்னல்களையும் சாத்தினேன். வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போட்டு அறையைப் பூட்டி வைத்தேன். இருமல் கூடியது. நடுவில் நான்கு நாள் அரக்கோணத்தில் என் தங்கை வீட்டுக்குப் போய்வந்தாள். அங்கே இருமவே இல்லை என்று தங்கை சொன்னாள். அங்கே புத்தகத்தைத் தொடவில்லை, அதனால் இருமவில்லை என்று நினைத்தேன்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது ஒரு ஞாயிறு மதியம், புத்தகத்தோடு கீழே இறங்கி வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

"மேல போனா மூச்சு இழுக்குதும்மா. இங்கியே படிக்கிறேன்."

"படிக்க சொன்னா மட்டும் மூச்சு இழுக்கும். செல்போன பாத்தா இழுக்காது. ஏறு மேல."

ஏறினாள். நான் சோறு வடித்து, குழம்பை இறக்கி, துணி எடுக்க மாடிப்படிக்குப் போனேன். பாதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தாள். தோள்கள் காது வரை ஏறி இறங்கின. "அம்மா" என்பதையே இரண்டு துண்டாகத்தான் சொன்னாள். உதடு வெளுத்திருந்தது.

ஆட்டோவில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு போன தூரம் எனக்கு இன்னும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். டாக்டரம்மா கேட்டார்: "வீட்டுல ஈரம், பூஞ்சை ஏதாவது இருக்கா?"

"இல்ல டாக்டர். புது ரூம். நாங்க நாத்தம் கூட உள்ள வுடறதில்ல."

மகள் முகமூடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். கிடங்கில் மூலையில் இருந்த லைனிங் கட்டு ஒன்றைப் பிரித்து வழக்கம்போல மூக்கை வைத்தேன். புளித்த, மண் கலந்த வாடை. இந்தக் கட்டைத் தள்ளி வை என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அது என் மகளின் அறை வாடை. இரண்டு மாதமாகத் தினமும் அதற்குள் போய் வந்திருக்கிறேன். வீட்டில் நான் மோந்து பார்க்கவில்லை.

அரை நாள் லீவு போட்டு மேஸ்திரியோடு மாடி ஏறினேன். அவர் சீலிங் பலகை ஒன்றைக் கழற்றினார். தோல் துண்டுகள் தொப்பலாக நனைந்து, பச்சையும் வெள்ளையுமாக முடி முளைத்தது போல் கிடந்தன. கையை வைத்ததும் மேலே படிந்திருந்த பூஞ்சைப் பொடி பறந்தது. தகரத்தின் அடியில் வரிசையாக நீர்த்துளிகள். எங்கும் ஒழுகவில்லை. உள்ளேயிருந்த ஈரம் போக வழியில்லாமல் தகரத்தில் பட்டு, சொட்டி, தோலில் ஊறியிருக்கிறது. அந்தப் பொடி பலகை இடுக்கு வழியாக அவள் தலைமேல் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

மேஸ்திரி ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும். அவர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, "நீங்க கீழ போங்கக்கா, இதுல நிக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

தோல் முழுவதையும் மூட்டை கட்டி அப்புறப்படுத்தினோம். பலகைகளை மாற்றி, துளைகளைத் திறந்து, கொசுவலை அடித்தோம். கம்பெனிக் கூரையில் இருப்பது போலக் காற்றில் தானே சுழன்று உள்காற்றை வெளியேற்றும் உருளை ஒன்றையும் ஷீட்டில் பொருத்தினோம். நாற்றம் வருகிறது. வரட்டும். இப்போது அந்த அறையில் தோலும் இல்லை, ஈரமும் இல்லை, மகளும் இல்லை. அவள் கூடத்தில் ஜன்னலோரம் படிக்கிறாள்.

இருமல் முழுதாக விடவில்லை. மழை மூட்டமான நாளில் இழுக்கும், இன்ஹேலரைப் பக்கத்தில் வைத்திருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

போன வாரம் வேலையிலிருந்து வந்தபோது கூடத்தில் அவள் இல்லை. பின்வாசல் படியில், முதுகைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கையில் இன்ஹேலர்.

"எப்பத்துலேருந்துடி?"

"காலைலேருந்து."

"போன் பண்ணக் கூடாதா? ஏன் சொல்லல?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சை ஒருமுறை இழுத்து விட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"சொன்னா நம்புவியான்னு தெரிலம்மா."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே அந்த உருளை கிறீச்சிட்டுச் சுழன்றுகொண்டிருந்தது.