துள்ளெறும்புப் பெட்டி

அன்று மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டிய இடத்தில் இருந்தவர்கள்: கங்காணி. என் பக்கத்து அறை அக்கா. அக்காவின் புருஷன். அவர்களுடைய கைக்குழந்தை. அது கான் ஓரத்தில் கம்பளித் துண்டில் படுத்திருந்தது. பிள்ளை மடுவத்தைப் பூட்டி விட்டதால் அதைப் பார்த்துக்கொள்ள ஆயா இல்லை. அப்புறம் நான்.

வேறு யாரும் இல்லை. முன்பெல்லாம் அந்த மலையில் கொழுந்து எடுக்க அறுபது எழுபது பேர் நிரை பிடித்து நிற்பார்கள்.

முப்பதுகளில் தேயிலை விலை விழுந்தது. தோட்டத்தில் எங்கள் டிவிசனை மூடிவிட்டார்கள். வட்டவளைக்கு மேலே, மழை விடாத பக்கம் அது. இந்தியாவுக்கு, சொந்த ஊருக்குப் போக விரும்புகிறவர்களுக்குச் சீட்டு இனாம் என்றார்கள். ரயில், கப்பல் இரண்டுக்கும். மாதா மாதம் லாரி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனது. மண் சரியாமல் இருக்கக் கான் மட்டும் வெட்டச் சொன்னார்கள். அதற்குத்தான் நாங்கள்.

என் மண்வெட்டி ஒரு பொந்தைப் பிளந்தது. உள்ளே ஒரு கை கொள்ளும் அளவுக்கு அறை. அதன் சுவரில் காகிதம் ஒட்டியதுபோல் ஏதோ ஒட்டியிருந்தது. எறும்புகள். செம்பழுப்பு. கட்டெறும்பைவிட நீளம். வாய்க்கு முன்னால் இரண்டு இடுக்கி, மேல்பக்கம் வளைந்து. கண் பெரிது. எறும்புக்கு அவ்வளவு பெரிய கண்ணை நான் பார்த்ததில்லை.

ஒன்று எழும்பிக் கங்காணியின் காலில் விழுந்தது. கொட்டியது.

"ஐயோ! குதிக்குதுடா! எறும்பா இது, வெட்டுக்கிளியா?"

அக்கா சிரித்தாள். "கங்காணி ஐயா அதவிட ஒசரமா குதிச்சீங்களே."

"சிரி, சிரி. ஒன்னய கொட்டுனா தெரியும். கொதிதண்ணி கொண்டாந்து ஊத்துங்க."

"வேணாங்கய்யா. நான் எடுத்துக்கிறேன்," என்றேன்.

"எடுத்து? கொழம்பு வைக்கப் போறியா?"

இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்தேன். பொந்தைச் சுற்றி வெட்டி, மண்கட்டியோடு அப்படியே சாக்கில் வைத்தேன். கையில் நாலைந்து இடத்தில் கொட்டின. வலி இருந்தது. சாயங்காலம் போய்விட்டது.

ஏன் எடுத்தேன் என்றால் சொல்லத் தெரியாது. அதற்கு முந்தின வருஷம் பிள்ளை பெறும்போது என் பெண்சாதி செத்துப்போனாள். பிள்ளையும் தங்கவில்லை. லயத்தில் அறை அறையாகப் பூட்டு விழுந்துகொண்டிருந்தது. அக்கா குடும்பமும் ஊருக்குப் போகப் பேர் கொடுத்துவிட்டது. எனக்கு ஊரில் யாரும் இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்டு ஒரு குதிகால் சரியாக ஊன்றாது. அங்கே போய் யார் வேலை கொடுப்பார்கள்? காலி லயத்துக் கூரைத் தகரத்தை யாரும் கழற்றிக்கொண்டு போகாமல் காவல் இருக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். இருக்கிறேன் என்றேன்.

உடைந்த தேயிலைப் பெட்டி ஒன்றைப் பாதியாக அறுத்து மண் போட்டு, பொந்து பிளந்த பக்கம் மேலே தெரிய அந்த மண்கட்டியை வைத்தேன். மேலே ஜன்னல் கண்ணாடி. ஒரு சின்ன மேசைமேல் அதை வைத்து, மேசைக் கால் நாலையும் பால்டின்னில் நிறுத்தி டின்களில் தண்ணீர் ஊற்றினேன். சாப்பாட்டில் எறும்பு ஏறாமல் இருக்கத்தான் அப்படிச் செய்வார்கள். நான் எறும்புக்கே செய்தேன்.

காரணம் இருந்தது. தண்ணீர் வைக்காத முதல் வாரம் நாலு சின்னச் சிவப்பெறும்பு பெட்டிக்குள் போய்விட்டது. நாலும் என் எறும்பு ஒன்றின் காலை ஆளுக்கொரு பக்கம் கவ்வி இழுத்தன. அது சுற்றிச் சுற்றி வந்தது. மற்றவை பார்த்துக்கொண்டு நின்றன. இந்த எறும்பு ஒண்டியாக வேட்டைக்குப் போகிற எறும்பு. சாரை சாரையாக வருவதை எதிர்க்க அதற்குத் தெரியாது.

அதன் பெயர் தெரியவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் கட்டெறும்பு என்றார்கள். கட்டெறும்பு இல்லை. துள்ளெறும்பு என்று நானே பெயர் வைத்தேன்.

சோறு போட்டேன். தொடவில்லை. கருப்பட்டி வைத்தேன். அதையும் தொடவில்லை. தேயிலைச் செடிக்கு அடியில் ஒரு சின்ன வெட்டுக்கிளி பிடித்து விட்டேன். ஓர் எறும்பு வெளியே வந்து நின்று பார்த்தது. வெட்டுக்கிளி நகர்ந்த பக்கம் தலையைத் திருப்பியது. ஒரே பாய்ச்சல். கவ்வி, வயிற்றை மடக்கிக் கொட்டி, உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. வெட்டுக்கிளி சாகவில்லை. மூன்றாம் நாளும் கால் மெல்ல ஆடிக்கொண்டு உள்ளே கிடந்தது. கெட்டுப்போகாமல் வைத்துத் தின்கிற வழி போலும்.

சுவரில் ஒட்டியிருந்தது என்ன என்பதும் பிறகு தெரிந்தது. குஞ்சு வெளியேறின கூட்டை நார் நாராகக் கிழித்து ஒட்டுகின்றன. எங்கள் லயத்துச் சுவரில் பழைய பேப்பர் ஒட்டுவதுபோல்தான்.

கூட்டத்தில் தாய் ஒன்று. மற்றவற்றைவிடக் கொஞ்சம் பருமன். முதுகில் சிறகு உதிர்ந்த தழும்பு. அது வெளியே வருவதில்லை.

நான் கண்ணாடிப் பக்கம் போனால் வாசலில் நிற்கிற எறும்பு தலையைத் திருப்பி என்னைப் பார்க்கும். இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம்.

அக்கா அடுப்புக்கு நெருப்பு வாங்க வருவாள், இடுப்பில் பிள்ளையோடு.

"தம்பி, இன்னைக்கு ஒங்க வீட்டுல என்னா கறி?"

"கரப்பான்."

"குடுத்து வச்சதுங்க. எங்க வீட்டுல அதுகூட இல்ல." பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பாள். "ஏன் தம்பி, வெறும் பூச்சியவே போடுறியே. கொஞ்சம் சீனி போடக்கூடாதா?"

"திங்காதுக்கா."

"எந்த ஊர்லயாவது சீனி திங்காத எறும்பு இருக்குதா? ஒனக்குக் குடுக்க மனசு இல்ல, அதச் சொல்லு. பாவம், வாயில்லா சீவன்."

வெள்ளிக்கிழமை தோறும் அவள் வாசலில் நொய்யும் ஒரு சிட்டிகை சீனியும் எறும்புக்குப் போடுவாள். அவர்களுக்கே சீனி இல்லாத நாளிலும் போடுவாள். புண்ணியமாம். புருஷன் சத்தம் போடுவான். "எறும்புக்குப் போடுறவ எனக்கு ஒரு நாளு தேயில சாயத் தண்ணில போடேன்டி." அவள் காதில் வாங்குவதில்லை.

அவர்கள் போகிற நாள் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை உச்சிப் பகலில் லாரி. அவர்களும் போய்விட்டால் அந்த லயத்தில் உயிரோடு இருப்பது நானும் அந்தப் பெட்டியும்தான். பெட்டி சாகக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சனிக்கிழமைதான் அரிசி போடுகிற நாளும். பெரிய டிவிசனுக்கு நாலு மைல் நடக்க வேண்டும். விடிந்ததும் போனேன். "பகலுக்குள்ள வந்திருவேன்க்கா, மூட்டைய நான் தூக்கித் தாரேன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவள், "வந்திரு தம்பி," என்றாள்.

திரும்பி வந்தபோது உச்சி ஆகவில்லை. பக்கத்து அறையில் பூட்டுத் தொங்கியது. பூட்டிய சாவியோடு கங்காணி வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்.

"லாரி வெள்ளனவே வந்திருச்சுடா. டிரைவர் ஆரனை அமுக்குன கைய எடுக்கல. அவ ஒன்னய பாக்கணும்னு பாதையவே பாத்துக்கிட்டு நின்னா."

நான் என் அறைக்குள் போனேன்.

தரையை மெழுகியிருந்தாள். ஈரம் காயவில்லை. அடுப்பில் சோறு ஆக்கித் தட்டுப் போட்டு மூடியிருந்தது. மெழுகுவதற்காக மேசையைச் சுவரோடு தள்ளியிருந்தாள். மேசைக் கால்கள் தரையில் நின்றன. பால்டின் நாலும் கழுவிச் சுத்தமாக இஸ்தோப்பு ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. பூச்சி செத்து மிதந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்ற நினைத்திருப்பாள். அதற்குள் லாரி.

பெட்டிக்குள் ஒரு சிரட்டைத் துண்டு. அதில் சீனி. ஒரு சிட்டிகை இல்லை, கை நிறைய. அவர்களிடம் இருந்த சீனி முழுவதும் அதுவாகத்தான் இருக்கும்.

சுவர் வெடிப்பிலிருந்து மேசைக்கு ஒரு சிவப்புக் கோடு. அது கோடு இல்லை.

கண்ணாடியைத் தூக்கி ஓரமாகப் போட்டேன். சீனியை வெளியே வீசினேன். அடுப்புச் சாம்பலை மேசைமேல் சுற்றிக் கொட்டினேன். கையை உள்ளே விட்டு உயிரோடு இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருந்த சிவப்பெறும்பை நகத்தால் கிள்ளி, கொண்டுவந்த அரிசியைக் கொட்டிவிட்டு அந்தப் பையில் போட்டேன். இரண்டு பக்கத்து எறும்பும் என்னைக் கடித்தன. தாயைத் தேடினேன். தலை ஓரிடத்தில் இருந்தது. முதுகுத் தழும்பைப் பார்த்துத்தான் மற்றதை அடையாளம் கண்டேன். கூட்டுப் புழுவெல்லாம் கோட்டோடு போய்விட்டது. பாதிக்கு மேல் செத்திருந்தன.

கங்காணி வாசலில் நின்றார். "மிச்சம் இருக்குதா?"

"கொஞ்சம்."

"அவ வச்ச சீனியா?"

"இல்லீங்க. மழைக்கு ஏறி வந்திருச்சு."

அவர் தரையில் கிடந்த சீனியைப் பார்த்தார். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு பெரிய டிவிசனுக்கு இறங்கினார்.

அவள் ஆக்கி வைத்த சோற்றைத் தின்றேன். உப்புச் சரியாக இருந்தது. அந்நேரம் அவர்கள் ஏறிய ரயில் நாவலப்பிட்டி தாண்டியிருக்கும்.

பெட்டியை வெந்நீர் விட்டுக் கழுவி, புது மண் போட்டு, பிழைத்ததை விட்டுக் கண்ணாடியை மூடினேன். மேசைக் கால்களை மறுபடி தண்ணீர் டின்களில் நிறுத்தினேன். தாய் இல்லாத கூட்டம். இருக்கிறவை ஒவ்வொன்றாகச் சாகும், அப்புறம் பெட்டி காலி. அது எனக்குத் தெரியும். மலையில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். மழை வலுத்திருந்தது. விடவில்லை. பூச்சி பிடித்துப் போட்டேன்.

கொஞ்ச நாளில் ஒரு புது வேலை செய்தன. இரண்டிரண்டாக எதிர் எதிரே நின்று, உணர்கொம்பால் ஒன்றை ஒன்று அடித்தன. ஒன்று அடித்துக்கொண்டே முன்னே வரும், மற்றது பின்னே போகும். பிறகு அது முன்னே, இது பின்னே. கோலாட்டம் அடிப்பதுபோல். சண்டை என்றால் காயம் இல்லை. பகல் முழுதும் அடிக்கும். மறுநாளும் அடிக்கும். தாய் செத்த துக்கத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

பல வாரம் அப்படியே போயிற்று. அந்த நாட்களில் நான் வாய் திறந்து பேசியது அரிசி வாங்கப் போகும்போது மட்டும்தான். சில சனிக்கிழமை முதல் வார்த்தை சரியாக வராது. இருமிவிட்டுப் பேசுவேன்.

பிறகு அடிப்பது நின்றது. அடித்தவற்றில் சில வேட்டைக்கு வருவதை நிறுத்திவிட்டன. அறைக்குள்ளேயே இருந்தன. மற்றவை அவற்றுக்கு வழி விட்டன. ஒரு சனிக்கிழமை விடிகாலை, புறப்படும்போது, கண்ணாடிக்கு ஓரமாக வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அரிசி நொய்யைவிடச் சின்னது. ஒன்று அல்ல.

தாய் இல்லை. தாய் ஆக வேண்டிய சிறகெறும்பும் இல்லை. வேலைக்கார எறும்பு முட்டை இட்டிருந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆனாலும் இருந்தது. பக்கத்து அறைப் பூட்டைப் பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

ஸ்டோரில் அரிசி அளந்த கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். "ஐயா, எறும்பு முட்டை போட்டிருக்குங்க."

அவர் மரக்காலை நிறுத்தினார். "எது?"

"நான் வளக்கிற எறும்பு. தாய் செத்திருச்சுங்க. வேலைக்காரதுங்களே போட்டிருச்சு."

"அப்ப பிரசவ அரிசி குடுக்கணுமே. அரை நாள் பேரா, முழு நாள் பேரா, எப்பிடிப் போட?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண், "புள்ள மடுவத்தத் தொறக்கச் சொல்லுங்கய்யா," என்றாள். நானும் சிரித்தேன். முகம் வலித்தது.

கணக்கப்பிள்ளை அரிசியைப் பையில் கொட்டினார். கொட்டிவிட்டு, சிரிக்காமல் கேட்டார். "எத்தன போட்டிருக்கு?"

"எண்ணலீங்க."

"எண்ணாமலா சொல்ல வந்த? அடுத்த சனிக்கிழமை வந்து சொல்லு."

நாலு மைல் ஏறி வந்தேன். அரிசியை இறக்கவில்லை. கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துவிட்டுக் குனிந்து எண்ணினேன். ஓர் எறும்பு குறுக்கே நின்றது. அது நகரும்வரை இருந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

பதினொன்று.