வான்ட்சே ஓடை தொடங்கும் இடம்

நான்காம் வகுப்பில் எங்கள் குடியிருப்புப் பகுதியைப் பற்றிப் படித்தபோது, ஆசிரியை ஆளுக்கோர் இடமாகப் பிரித்துக் கொடுத்தார். என் தோழிக்குத் தேவாலயம் கிடைத்தது. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கு ரயில் நிலையம். எனக்கு வான்ட்சே ஓடை. ஹம்பேர்க்கின் கிழக்கு ஓரத்தில், எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், முழங்கால் அளவு தண்ணீரோடு போய்க்கொண்டிருந்த ஓடை அது. தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை படம் வரைந்து, அதன் கதையையும் எழுதிக்கொண்டு வர வேண்டும். எனக்கு அழுகை வந்தது. தேவாலயம் என்றால் ஒரே இடத்தில் நிற்கும்.

அப்பாவின் முகம் மட்டும் மலர்ந்துவிட்டது. இலங்கையில் அவர் நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைபவராக இருந்தவர். ஜெர்மனியில் அப்போது அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் பின்னேரம்தான் வீட்டுக்கு வருவார்கள். என் அப்பா எந்நேரமும் வீட்டில் இருந்தார். அதை என்னுடைய அதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தேன்.

சனிக்கிழமைகளில் அவர் முகம் வழித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, ஏதோ வேலைக்குப் போகிறவர்போலப் புறப்பட்டார். கையில் ஒரு பலகை, அதில் கட்டம் போட்ட தாள். அடிகளை எண்ணிக்கொண்டே நடப்பார். நடுவில் நான் பேசினால் கையைக் காட்டி நிறுத்துவார். நூலகத்தில் பழைய வரைபடங்களை விரித்துவைத்து மணிக்கணக்காகப் பார்த்தார். ஜெர்மன் எழுத்துகளை நான் வாசித்துச் சொல்ல, கோடுகளை அவர் எனக்கு வாசித்துச் சொன்னார்.

"இந்தக் குளம் ஒண்டும் தானா வந்ததில்லை, பிள்ளை. மாவரைக்கிற ஆலைக்காண்டி ஓடையை மறிச்சுக் கட்டினது. இஞ்ச பார், முந்தி எப்பிடி வளைஞ்சு வளைஞ்சு போயிருக்கு! வீடு கட்டேக்க பிடிச்சு நிமித்திப்போட்டாங்கள்."

நகரத்துக்குள் போகப் போக அதே தண்ணீருக்குப் பெயர் மாறியது. வான்ட்சேயாக இருந்தது ஐல்பெக் ஆனது, பிறகு கால்வாயானது, கடைசியில் அல்ஸ்டர் ஏரியில் கலந்தது. மூன்று கிழமைகளில் முடிவு வரை போய்விட்டோம். மிச்சம் இருந்தது தொடக்கம்.

அதற்காக நான்காவது சனிக்கிழமை கிழக்கே நடந்தோம். வீடுகள் முடிந்து புல்வெளி வந்தது. முன்பு ராணுவம் பீரங்கி வண்டி ஓட்டிப் பழகிய நிலம். இப்போது மாடுகள் மேய்ந்தன. ஓடை ஒடுங்கி, நான் ஒரே தாவில் கடக்கும் அளவுக்கு வந்திருந்தது. ஒரு கல்லைக் கண்டதும் அப்பா நின்றார். தாளைப் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகினார்.

"போதும் பிள்ளை. இதுக்கு அங்கால ஏலாது."

"ஏன் ஏலாது?"

"கால் நோகுது."

மூன்று கிழமை முழு நகரத்தையும் நடந்து அளந்த கால்! எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அப்ப நான் போறன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பின்னால் அவர் கூப்பிடுவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கல்லைத் தாண்டி ஓர் அடிகூட வைக்காமல் அவர் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். அது எனக்கு விளையாட்டாக இருந்தது. இன்னும் வேகமாக ஓடினேன்.

அந்தக் கல்லோடு ஹம்பேர்க் முடிந்தது. அடுத்த மாநிலம் தொடங்கியது. அப்பாவின் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த அரசாங்கத் தாளில், அவர் நகர எல்லையைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருந்தது. தாண்டுவதென்றால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். பிடிபட்டால் எங்கள் அகதி விண்ணப்பத்துக்கே கேடு வரும் என்று அம்மாவும் அப்பாவும் பயந்திருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிய வந்தது.

ஈரமான ஓர் இடத்தில் என் கால் சேற்றில் இறங்கியது. இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகப் போனது. மற்றக் காலும் புதைந்ததும் அலறினேன். "அப்பா! அப்பா!"

அவர் வந்தார். நான்கு பக்கமும் பார்த்துக்கொண்டு, குனிந்து, ஓடி வந்தார். என்னைப் பிடுங்கி எடுக்கும் நேரத்தில் நாயோடு ஒரு தம்பதி பாதையில் வந்தார்கள். பிள்ளைக்கு அடி பட்டுவிட்டதா என்று அந்தப் பெண் ஜெர்மனில் கேட்டார். அப்பாவின் கை சட்டைப்பையில் இருந்த தாளின் மேல் போய் நின்றது. நான்தான் பதில் சொன்னேன். இவ்வளவு எளிய கேள்விக்குப் பதில் தெரியாத அப்பாவை நினைத்து வெட்கப்பட்டேன். என்னைத் தூக்கிக்கொண்டு அந்தக் கல் தாண்டும் வரை அவர் ஓடினார். பிறகு புல்லில் உட்கார்ந்தார்.

வீட்டில் அம்மா தணிந்த குரலில் அவரோடு சண்டை பிடித்தார். "ஆரும் பிடிச்சிருந்தா என்ன செய்திருப்பியள்?" சேற்றில் தொலைந்த என் சப்பாத்துக்காகத்தான் இந்தச் சண்டை என்று நான் நினைத்தேன்.

சாப்பிட்ட பிறகு அப்பா பலகையோடு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அது எங்கயிருந்து வருகுது? நீ கண்டனியோ?"

நான் காணவில்லை. ஆனால் என்னை மட்டும் தனியே ஓடவிட்ட கோபம் இன்னும் தீரவில்லை. "ஓம், கண்டன்" என்றேன். "ஒரு பெரிய கல்லுக்குக் கீழ இருந்து வருகுது."

பின்னாளில் நானே காரில் போய்த் தேடினேன். வயல்களுக்கு நடுவே ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். கல் எதுவும் இல்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்று இரவு அவர் பென்சிலைக் கூராக்கி நான் சொன்ன கல்லை வரைந்தார். கல் எவ்வளவு உயரம்? தண்ணீர் பொங்கி வருகிறதா, கசிந்து வருகிறதா? அங்கே மரம் நின்றதா? நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் சொன்னேன். படம் எப்போதோ முடிந்துவிட்டது. அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கையில அள்ளிப் பாத்தனியோ? குளிராவோ இருந்தது?"

எனக்கு நித்திரை வந்தது. ஒரு சின்ன ஓடையைப் பற்றிப் பெரிய ஆள் ஒருவர் ஏன் இவ்வளவு கேட்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.