அவரைக்காய் சீசனில் வந்த நர்ஸ்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஜனவரி மாதம். டிவியில் வளைகுடாப் போர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் டிவி கிடையாது. பொழுது சாய்ந்ததும் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அதன் நீல வெளிச்சம் மட்டும் எங்கள் சுவருக்கு வந்து நடுங்கும். ஆஸ்டின் டவுனில் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. முன்னறையில் ஒரு கட்டில், அதில் நான். பள்ளிக்கூடம் இல்லை, எண்ணெய்ப் பலகாரம் இல்லை, வெயிலில் போகக் கூடாது. காலையில் கீழாநெல்லி அரைத்துக் கலந்த மோர். அதற்குப் பிறகு பகல் முழுவதும் காலியாகக் கிடக்கும்.

அப்பா வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி ஏற்றும் கம்பெனியில் வேன் ஓட்டினார். ரிச்மண்ட் டவுன் பக்கம் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, கொண்டுபோக முடியாத ஒரு பெட்டிப் புத்தகங்களை அந்த வீட்டம்மா அவரிடம் கொடுத்துவிட்டார். அப்பா அதைக் கட்டிலுக்கடியில் தள்ளி, "சும்மாதானே படுத்திருக்க, படி" என்றார்.

எல்லாம் ஒரே கதை வரிசை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அச்சான கெட்டி அட்டைப் புத்தகங்கள். ஒவ்வோர் அட்டையிலும் அதே இளம் நர்ஸ், நீல மேலங்கி, வெள்ளைத் தொப்பி. அவளுக்குப் பின்னால் மட்டும் ஊர் மாறும். ஒன்றில் எரிகிற கப்பல், ஒன்றில் பாலைவனக் கூடாரம், ஒன்றில் மழைக்காடு. தாள்கள் பழுத்து, நாப்தலின் உருண்டை வாசம் அடித்தது. என் இங்கிலீஷ் அப்போது அரைகுறை. தெரியாத சொற்களைத் தாண்டித் தாண்டிப் படித்ததில் கதை எனக்கு மூடுபனிக்குள் நடப்பது போலத்தான் தெரிந்தது. காய்ச்சலும் இருந்தது. சில பிற்பகல்களில் கண் செருகும்போது, வெளியே போகும் லாரிச் சத்தம் கப்பல் இன்ஜினாகிவிடும். கட்டில் மெல்ல அசையும். மாதாகோயில் மணி அடித்தால் ஏதோ துறைமுகம் வந்துவிட்டது என்று நினைப்பேன்.

அது அவரைக்காய் சீசன். ஊற வைத்த அவரைக் கொட்டைகளை விரலால் பிதுக்கித் தோல் நீக்கும் வேலை அம்மாவுக்கு மதியம் முழுக்க இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் தாம்பாளத்தோடு உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் என்னைப் பார்த்து, "தனியா சிரிக்கிற. எனக்கும் சொல்லு" என்றாள்.

அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஊர்ப் பழக்கத்தில் கன்னடம் பேசுவாள், இங்கிலீஷ் தெரியாது. நான் ஒவ்வொரு பக்கமாகப் படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். புரியாத இடங்களை நானே நிரப்பிக்கொண்டேன். பாலைவனத்தில் ஓர் ஆற்றைக்கூட ஓடவிட்டேன். அம்மா அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டவை வேறு.

"அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லையா?"

"இருக்காங்க. ஊர்ல."

"பின்ன எப்படி இவ்ளோ தூரம் விட்டாங்க?"

"கேக்காமயே வந்துட்டா மா. சீட்டு எழுதி வச்சுட்டு."

அம்மா பிதுக்கிய பருப்பைக் கிண்ணத்தில் போட்டாள். "அவ சாப்பாட்டுக்கு என்ன பண்றா? அத எழுதலயா?" என்றாள் பிறகு.

எழுதியிருக்கவில்லை. அதனால் நானே அவளுக்கு ரசம் சாதம் கொடுத்தேன்.

பாலைவனக் கதையில் ஒரு கட்டம் வரும். முகம் முழுக்கக் கட்டுப்போட்ட ஒரு சிப்பாயைக் கூடாரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். எல்லோரும் களைத்துத் தூங்கும்போது அவள் மட்டும் துணியை மாற்றப் போகிறாள். கட்டைப் பிரித்தால் உள்ளே காயமே இல்லை. எதிரியின் ஒற்றன். அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன. "கத்தினாளா?" என்று கேட்டாள்.

"இல்ல மா. ஒண்ணுமே தெரியாத மாதிரி திரும்பக் கட்டிட்டு வெளிய வந்துட்டா."

"கை நடுங்கியிருக்கும்" என்றாள் அம்மா.

அன்று மாலை அடுப்படியில் அவள் வெறுமனே நின்றிருந்ததைப் பார்த்தேன். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் அந்தக் கூடாரத்திலேயே இருந்தாள் என்று நினைக்கிறேன். பத்தொன்பது வயதில் கிருஷ்ணகிரியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். மார்க்கெட், கோயில், ஊருக்குப் போகும் பஸ், இவற்றைத் தவிர எங்கும் போனதில்லை. இப்போது எங்கள் இருவருக்கும் மதியம் ஆனால் போய்வர ஓர் ஊர் கிடைத்திருந்தது. வாசல் கதவைச் சாத்தியதும் தெருவே மங்கிவிடும். தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் ஜன்னலில் அசைவதைப் பார்த்துக்கொண்டே கப்பல் ஏறுவோம்.

எனக்கு உடம்பு தேறி வந்த சமயத்தில், மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே வலி எடுத்தது. அவள் புருஷன் ஓசூர் பக்கம் வேலைக்குப் போயிருந்தான். யாரோ அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா பருப்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடினாள். ஆட்டோவில் அந்தப் பெண்ணை மடியில் சாய்த்துக்கொண்டு பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போனவள், விளக்கு வைத்த பிறகுதான் வந்தாள். பெண் குழந்தை, இருவரும் நலம் என்றாள். முகம் புதிதாக இருந்தது.

"பயமா இல்லையா மா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. ஆனா அவ என் கையப் பிடிச்சுட்டா. அப்புறம் பயப்பட நேரமே இல்ல."

அங்கே பொறுப்பில் இருந்த வயதான சிஸ்டர் அம்மாவிடம் கன்னடத்தில், "நீவு எல்லி கெல்ச மாட்தா இத்ரி?" என்று கேட்டாராம். முன்னால் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று. எங்கேயும் இல்லை என்று அம்மா சொன்னதை அவர் நம்பவில்லை. ஆயா வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது, விருப்பமிருந்தால் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அம்மா அதை இரண்டு மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்தான் முதலில் சொன்னாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தபோது, "என்னங்க, அந்த ஆஸ்பத்திரியில வேலைக்குக் கூப்புட்றாங்க. போலாம்னு இருக்கேன்" என்றாள்.

அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "என்ன வேலை?"

"ஆயா."

"ஆயா வேலைன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியும். மல ஜலம் எடுக்கணும். துணி மாத்தணும். தொடச்சு விடணும்."

"நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேருக்கும் ஒரு நாள் உடம்புக்கு வரும்ங்க" என்றாள் அம்மா. சண்டை போடும் குரலில் இல்லை. ஏதோ அவர்களுக்காக வருத்தப்படுகிற மாதிரி சொன்னாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். "இவ படிப்பு?" என்று கேட்டார் கடைசியில். "நானே பாத்துக்குவேன்" என்று நான் சொன்னேன். அவர் சரி என்று சொல்லவில்லை. மறுநாள் காலை வேனை எடுக்கும்போது, "ஏறு, அந்தப் பக்கம்தான் போறேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அவர்கள் கொடுத்தது பச்சை நிறப் புடவை. வெள்ளைத் தொப்பி இருக்காது என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. முதல் வாரம் அவள் வந்ததும் தலைக்குக் குளிப்பாள், சாப்பிடமாட்டாள். பினாயில் வாசம் போகாது. ஒரு நாள் கையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு அழுதாள். யாரோ ஒரு கிழவர், பிள்ளைகள் வருவதற்குள் போய்விட்டார். கடைசியில் அம்மாவைத் தன் தங்கை என்று நினைத்துப் பேசினாராம். "நானும் ஆமா அண்ணான்னு சொன்னேன்" என்றாள்.

மறுநாள் போகமாட்டாள் என்றுதான் நினைத்தேன். போனாள்.

பெட்டியில் இன்னும் படிக்காத புத்தகங்கள் இருந்தன. நான் எடுத்துவைத்தால் அம்மா கேட்கத் தொடங்குவாள், கப்பல் கிளம்புவதற்குள் தூங்கிவிடுவாள். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, ஒரு கையைத் தலைக்கடியில் வைத்து. நான் குரலைக் குறைத்து இன்னும் கொஞ்ச நேரம் படிப்பேன். அப்படியே ஒரு கட்டத்தில் நின்றுபோனது. நான் பி.காம். முடித்து வேலைக்குப் போனேன். அம்மா அங்கேயே இருந்தாள். ஊசி போட அவளுக்கு அனுமதி கிடையாது. ஆனால் ஊசிக்குப் பயப்படுகிறவர்களிடம் முதலில் அவளைத்தான் அனுப்புவார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு சாயங்காலம் நாங்கள் இருவரும் சிவாஜிநகர் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தோம். மழை விட்ட நேரம், கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, வெளியே கடை விளக்குகள் கரைந்து ஓடின. முன் சீட்டிலிருந்து ஒருவன் எழுந்து, "சிஸ்டர், உக்காருங்க" என்றான். முப்பது வயது இருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. அம்மா உட்கார்ந்தாள்.

"என்னைய ஞாபகம் இருக்கா சிஸ்டர்?"

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து அவன் காலைப் பார்த்தாள். "இடது முட்டிதானே? இப்ப நல்லா மடக்க வருதா?" என்று கேட்டாள்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆடுகிற பஸ்ஸிலேயே, காலை மடக்கி நீட்டிக் காட்டினான்.