வெள்ளிக்கிழமை சுல்தான்

ஒன்பது வயதில் நான் துருக்கி சுல்தானைத் திண்டிவனத்தில் வைத்துக் கவிழ்த்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான். அதற்காக அம்மாவிடம் முதுகில் வாங்கியதும் நான்தான்.

எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரே சுவர். பெண்கள் பள்ளிவாசலுக்குள் போகிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன்னால், தொழவைக்கிற ஹஜ்ரத் மேடையேறி, கோலை ஊன்றிக்கொண்டு அரபியில் ஓதும் குத்பா, கொல்லையில் பாத்திரம் விளக்குகிற எங்களுக்குக் கணீரென்று கேட்கும். இருந்தது ஒரே ஒரு பழைய குத்பா புத்தகம். வாராவாரம் அதே பேருரை, அதே இடத்தில் அதே இருமல். கேட்டுக் கேட்டு எனக்கு இருமல் உட்பட மனப்பாடம். அர்த்தம் எனக்கும் தெரியாது, உள்ளே உட்கார்ந்து ஆமீன் சொல்லிக்கொண்டிருந்த, எங்களைப் பெற்ற அத்தாவுக்கும் தெரியாது. இத்தனைக்கும் அத்தாதான் பள்ளிவாசலுக்கு முத்தவல்லி, நிர்வாகமெல்லாம் அவர் பொறுப்பு. மற்ற நேரத்தில் கடைத்தெருவில் தகரப் பெட்டி விற்றார்.

அந்த வருஷம் நோன்பு கத்திரி வெயிலில் வந்தது. வீட்டுக்குள் வேறொரு புழுக்கமும் இருந்தது. அக்கா எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள், கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். கோடை விடுமுறை விட்ட வாரத்தில் வயதுக்கு வந்துவிட்டாள். அதோடு படிப்புக்குப் பூட்டு, அதைப் பற்றிப் பேசக்கூட யாரும் உட்காரவில்லை. அக்கா அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. தோழியிடம் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்கி, அரிசி புடைக்கும்போது முறத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கிற போதெல்லாம் அத்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம் இருந்தது.

அப்போதுதான் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. மெட்ராஸில் ஒரு கல்லூரியில் அரபி வாத்தியார். துணிமணி ஒரு பை, புத்தகம் இரண்டு பெட்டி. எகிப்திலும் வடநாட்டிலும் குர்ஆனுக்குப் புதிதாக விளக்கம் எழுதிய பெரிய படிப்பாளிகளின் புத்தகங்கள் அவை. வேதம் மாறாது, ஆனால் அதை விளங்கிக்கொள்கிற நம் மூளை வளரலாம், வளர வேண்டும் என்பது மாமாவின் கட்சி. எந்த வசனத்தை எடுத்தாலும் மூன்று கேள்வி கேட்கவேண்டுமாம். எப்போது சொன்னது, யாரிடம் சொன்னது, எதற்காகச் சொன்னது. இந்த மூன்றையும் கேட்காமல் ஓதுகிறவன் மூடிய கடிதத்தை முத்தமிடுகிறவன் என்றார். வசனத்தோடு நிறுத்தினால் பரவாயில்லை. வீட்டில் பார்த்ததற்கெல்லாம் மூன்று கேள்வி கேட்டார். நோன்புக் கஞ்சியில் ஏன் வெந்தயம், எப்போதிலிருந்து வெந்தயம், யார் போடச் சொன்னார்கள் என்று ஆரம்பித்தபோது அம்மா கரண்டியோடு எழுந்து நின்றார்.

ஆனால் அக்கா விஷயத்தில் மாமா உருப்படியாகவே பேசினார். முதன்முதலில் இறங்கிய வசனமே ‘ஓது’ என்கிறதே, அது ஆம்பிளைக்கு மட்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். அத்தா கல்நெஞ்சக்காரர் இல்லை, பள்ளிவாசல் ஜமாத்துக்குப் பயந்தவர், அவ்வளவுதான். தலையைச் சொறிந்துவிட்டு, ஹஜ்ரத் சரி என்றால் தனக்கும் சரி என்றார். சனிக்கிழமை சாயந்திரம் நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் போகும்போது மாமாவே ஹஜ்ரத்திடம் பேசுவது என்று முடிவாயிற்று. மெதுவாகப் பேசச் சொல்லி அக்கா மாமாவிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பொழுது நகரமாட்டேன் என்றது. மாமா கொல்லை வேப்பமரத்தடியில் நாக்கு வறண்டு கிடந்தார். அவரைக் குஷிப்படுத்த நான் ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு மேலே ஏறினேன். தலையில் துண்டு, கையில் கொடிக்கம்பு. குத்பாவை ஆரம்பித்தேன். மாமா முதலில் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார். கடைசியில் அல்லாவிடம் கையேந்திக் கேட்கிற துஆ வந்தது. ‘சுல்தான்’ என்று ஒரு இடம் வரும், அங்கே ஹஜ்ரத் குரலை உயர்த்துவார், நானும் உயர்த்தினேன். மாமா எழுந்து உட்கார்ந்தார். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். அவ்வளவுதான், விழுந்து விழுந்து சிரித்தார். துருக்கி சுல்தானுக்கு வெற்றி கொடு, பலம் கொடு, அவர் எதிரிகளைத் தோற்கடி என்று வாராவாரம் கேட்கிறார்களாம். அந்த சுல்தானை அவர் நாட்டுக்காரர்களே விரட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். ஆளும் செத்தாயிற்று, அரண்மனையும் போயிற்று, திண்டிவனத்தில் மட்டும் ராஜ்யம் நடக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

இதை மாமா எத்தனையோ தடவை நேரிலேயே கேட்டிருக்கவேண்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். குத்பா நேரத்தில் அவர் தூணில் சாய்ந்து தூங்குவார் என்பது அத்தாவின் வாக்குமூலம்.

சாயந்திரம் பள்ளிவாசலில் நடந்ததை அத்தா வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஊர்ப் பெரியவர்கள் கஞ்சிக் கோப்பையோடு வட்டமாக உட்கார்ந்திருக்க, மாமா அக்காவைப் பற்றி வாயே திறக்கவில்லை. சுல்தானை எடுத்துப் போட்டார். அர்த்தம் தெரியாமல் ஓதினால் இப்படித்தான் பிணத்துக்குப் பலம் கேட்கவேண்டி வரும் என்று கல்லூரியில் பாடம் நடத்துகிற மாதிரி நடத்தியிருக்கிறார். அத்தர் விற்கிற கிழவர் சுல்தான் இறந்த செய்தி கேட்டுக் கண் கலங்கி, “எப்போ?” என்று கேட்டாராம். தோல் வியாபாரி ஒருவர், உடல் இல்லாமலே இறந்தவருக்குத் தொழுகிற மறைவான ஜனாஸா தொழுகை இன்றைக்கே நடத்தலாமா என்றாராம். இன்னொருவர், இறந்ததாக ஜமாத்துக்குக் கடுதாசி எதுவும் வராத நிலையில் பெயரை எடுக்க முடியாது என்று ஒரே போடாகப் போட்டாராம். கஞ்சி ஆறுவதற்குள் ஜமாத்து இரண்டு கட்சியாகிவிட்டது. ஹஜ்ரத் மட்டும் எழுந்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தொழவைக்கப் போய்விட்டார்.

“பொண்ணுக்கு ஸ்கூல் கேக்கப் போனவன், செத்த சுல்தானைத் தோண்டிக்கினு வந்திருக்கான்” என்றார் அத்தா. இனிமேல் ஹஜ்ரத் முகத்தில் எப்படி விழிப்பது, படிப்புப் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று துண்டை உதறித் தோளில் போட்டார். குத்பாவை விளையாட்டாக்கிய கழுதை யார் என்று விசாரணை நடந்து, அம்மாவின் கை என் முதுகுக்கு வந்தது அப்போதுதான்.

அக்கா கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பழைய துணியில் சுற்றினாள், திருப்பிக் கொடுக்க. பிறகு மாமா எதிரில் வந்து நின்றாள்.

“எப்போ சொல்றது, யார்கிட்ட சொல்றது, எதுக்கு சொல்றதுன்னு உங்களை நீங்களே ஒரு தபா கேட்டுக்கினு போயிருக்கக் கூடாதா மாமா?” என்றாள்.

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பாவமாக இருந்தது எனக்கு. மறுநாள் காலையில் அவரே ஹஜ்ரத்தைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் ஹஜ்ரத் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அது வருஷா வருஷம் உள்ள வழக்கம். வரமாட்டார் என்று அத்தா நினைத்திருந்தார், வந்துவிட்டார். என்னைத்தான் தேடி வந்திருக்கிறார் என்று நான், கடைக்குப் போகாமல் வீட்டில் கிடந்த பெரிய தகரப் பெட்டி ஒன்றுக்குள் புகுந்து மூடிக்கொண்டேன். ஆகவே இனி வருவது, திரைக்குப் பின்னால் நின்று கேட்ட அக்கா பல வருஷம் கழித்து எனக்குச் சொன்னது.

சுல்தான் போய்விட்டது வேலூர் மதரஸாவில் ஓதுகிற காலத்திலேயே தனக்குத் தெரியும் என்று மாமாவிடம் சொன்னாராம் ஹஜ்ரத். இங்கே வந்த புதிதில் அந்த வரியை விட்டுப் பார்த்தாராம். குத்பா குறைகிறது, தொழுகை கூடுமா கூடாதா என்று கிழவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“அதனால வாயில சுல்தான்னு சொல்லுவேன் தம்பி, மனசுல வேற ஆளை வெச்சுக்குவேன். காலரா வந்தப்போ நம்ம முனிசிபாலிட்டி டாக்டரு. ஏரி உடைஞ்சப்போ மண்ணு கொட்டின ஆளுங்க. இந்த நோன்புக்கு முன்னால மூணு வாரம் முத்தவல்லியோட வயித்து நோவு.”

அத்தாவின் வயிற்றுவலி அந்த மாதம்தான் சரியாகியிருந்தது. துருக்கி சாம்ராஜ்யத்தின் பெயரால் குணமானது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கையில் எடுத்த பிரியாணியை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாராம். மாமாவுக்கோ தலைகால் புரியவில்லை. எழுத்தை மாற்றாமல் அர்த்தத்தைக் காலத்துக்குத் தக்கபடி எடுத்துக்கொள்வது, இதைத்தானே பெரிய பெரிய படிப்பாளிகள் ஆயிரம் பக்கத்தில் எழுதுகிறார்கள் என்று எச்சில் கையோடு நோட்டுப் புத்தகத்தைத் தேடினாராம்.

“எழுதாதீங்க தம்பி. எழுதினா நாளைக்கே ஜமாத்தைக் கூட்டிடுவாங்க” என்றாராம் ஹஜ்ரத்.

கை கழுவும்போது, பெரிய பெண் ஒன்பதாம் வகுப்புக்கு எதில் போகப்போகிறாள், ஜட்காவா, ரிக்‌ஷாவா என்று அத்தாவிடம் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். போகிறாளா என்று கேட்கவே இல்லை. அத்தா திரையைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், ஜட்கா என்று சொல்லிவிட்டார். படுதா கட்டிய ஜட்காவா என்றார் ஹஜ்ரத். ஆமாம் என்றார் அத்தா. பிற்பாடு தன் கௌரவத்துக்கு ஒரு நிபந்தனை போட்டார், ஒரு பரீட்சையில் தவறினாலும் ஜட்கா நின்றுவிடும் என்று.

பெட்டிக்குள் எனக்கு மூச்சு முட்டியபோது ஹஜ்ரத் போய்விட்டிருந்தார். பிரியாணியும் தீர்ந்துவிட்டிருந்தது.

அக்கா ஜட்காவில் போய் வந்தாள். சுல்தானும் பழையபடி வெள்ளிக்கிழமைகளில் ராஜ்யம் செய்தார், மாமா ஊருக்குப் போனபின் அவருக்கு எதிர்க்கட்சி இல்லை. காலாண்டுப் பரீட்சை வந்தது. கணக்கு அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷ்தான் உதறல். ஒருநாள் காலையில் ஹஜ்ரத் வீட்டுத் திண்ணைக்குக் குர்ஆன் ஓதப் போனபோது, அக்காவுக்கு என்றைக்குப் பரீட்சை என்று அவர் கேட்டார். திங்கட்கிழமை ஆரம்பம், முதலில் இங்கிலீஷ் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த நானும் அக்காவும் கொல்லையில் இருந்தோம். பரீட்சைக்காக அக்காவை அம்மா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் படிக்க வைத்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சுல்தான் வரி வந்தது. ஹஜ்ரத் ஒரு தடவை சொன்னார். கொஞ்சம் நிறுத்தி மறுபடி சொன்னார். மூன்றாம் தடவையும் சொன்னார். ஆமீன் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது, அத்தர்க் கிழவரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஹஜ்ரத்துக்கு வயசாகிவிட்டது, சொன்னதையே சொல்கிறார் என்று அக்காவிடம் சொல்லத் திரும்பினேன். அக்கா இங்கிலீஷ் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, தலையில் துணியை இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் ஏந்தி ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விரட்டப்பட்டு, செத்தும் போன ஒரு சுல்தான்மேல் அவளுக்கு எப்போது இத்தனை பிரியம் வந்தது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவேயில்லை.