பர்மா மெடலில் தேய்ந்துபோன சொல்

காலை 7.15. சுவிட்சர்லாந்தில், பெர்ன் ஓரத்துப் பூம்ப்ளிஸ் நிலையத்தில் ரயிலுக்காக நிற்கும்போதும் என் கை சட்டைப் பையை விட்டு வரவில்லை. உள்ளே எங்கள் முப்பாட்டனார் முனுசாமி பர்மா சண்டைக்குப் போய் வாங்கிய மெடல். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி. விளிம்பில் ஆங்கிலத்தில் அவர் பெயரும், அதற்கு முன்னால் இரண்டு சொற்களும். முதல் சொல் தேய்ந்துவிட்டது. அடுத்தது ‘பேரர்’, அதாவது ஏந்துகிறவர்.

தேய்ந்த சொல் ‘கொடி’ என்பது அப்பாவின் தீர்ப்பு. வேலூரில் புது வீட்டு வாசலுக்கு ‘பட்டாளத்தில் கொடி ஏந்தியவர்’ என்று கல் வைக்கப்போகிறார். கல்லில் எழுத்து வெட்ட இன்று சாயங்காலம் ஆள் வருகிறார். எனக்குத்தான் சந்தேகம். எங்கள் ஊர் ஓட்டலில் பேரர் என்றால் தோசை கொண்டுவருகிறவர்.

கூட வந்தவர் ரவி. யாழ்ப்பாணத்துக்காரர், பெர்னில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. நான் தங்கியிருப்பது அவர் வீட்டில். மெடல் எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஜெனீவாவில் இருக்கிறார், அவரிடம் பேச எனக்குப் பிரெஞ்சு தெரியாதே என்று லீவு போட்டுவிட்டு வந்தார்.

பெர்னில் மாறி ஏறினோம். ஜெனீவா ஏறக்குறைய நூற்றறுபது கிலோமீட்டர். ஒன்றேமுக்கால் மணி நேரம். ரயிலில் காபி ஐந்து பிராங்க். ஃப்ரிபூர் தாண்டியதும் அறிவிப்பு பிரெஞ்சுக்குத் தாவியது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் கீழே ஏரி, சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் மெடலை எடுத்து, தேய்ந்த இடத்தை நகத்தால் தடவிக்கொண்டிருந்தேன். கொடியாகவும் தெரிந்தது, தட்டாகவும் தெரிந்தது.

10.30. ஜெனீவாவில் மெடல் சேகரிக்கும் அம்மையார் ஒருவர் காத்திருந்தார். நம் மெடலைப் பார்த்ததும், இது வெண்கலம், சண்டை போட்ட சிப்பாய்க்கு வெள்ளி அல்லவா கொடுப்பார்கள் என்றார். தங்க முலாம் பூசியிருந்தது, தேய்ந்துவிட்டது என்று அப்பா சொல்வதை அப்படியே ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. லென்ஸை வைத்து விளக்கைச் சாய்த்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். டூலி.

ரவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டூலி யார்? ஊரா, ஆளா? அம்மையார் ஒரு தாளில் படம் வரைந்தார்: மூங்கில் கம்பு, துணித் தொட்டில், நடுவில் அடிபட்டுப் படுத்திருக்கும் ஒருவன். டோலி. முனுசாமி துப்பாக்கியும் தூக்கவில்லை, கொடியும் தூக்கவில்லை.

வெளியே வந்ததும் எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது? பேசாமல் கொடி என்றே சொல்லிவிடலாமா என்று ரவியிடம் கேட்டேன். அவர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

“அண்ணை, ஷெல்லடிக்குள்ள என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினவன்ர பேர்கூட எனக்குத் தெரியாது. அவன் தூக்கேல்லை எண்டா நான் இண்டைக்கு இங்க இல்லை.”

டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்து வேலூருக்கு போன் போட்டேன். அங்கே மணி மூன்று ஆகப்போகிறது. கொடிதானே என்றார் அப்பா, எடுத்ததுமே.

“இல்லப்பா. டோலி தூக்கியிருக்கார். சண்டையில அடிபட்டவங்களை.”

அப்பா கேட்டார்:

“எத்தனை பேரைத் தூக்கினாராம்?”

தெரியவில்லை என்றேன்.

“அதைக் கேக்காம அவ்வளவு தூரம் போய் வேற என்னடா கேட்ட?”