பேனரில் வந்த மேல்வீட்டு டீச்சர்

எங்கள் வீட்டு மாடியை ஜப்பான் டீச்சருக்கு வாடகைக்கு விட்டபோது என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் குடி வைத்தால் வீட்டுக்காரர் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டுமாம். வீடு என் பெயரில் இருக்கிறது. பிரௌசிங் சென்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் தட்டிவிட்டு, என் ஆதார் நகலை நீட்டி இங்கே போடுங்கள் என்றாள்.

"இது இன்னாத்துக்கும்மா?"

"ஒண்ணும் இல்லக்கா. அவங்களப் பத்தி யாராவது வந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும், அவ்ளோதான்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரி ஊர். அம்மா படுத்த படுக்கையானதும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்தினார்கள். படிக்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். ஆனால் முத்திரை குத்திய காகிதத்தைப் பார்த்தால் மட்டும், எட்டாவதுக்கு மேலே படித்தவர்களுக்கே தெரிகிற ஏதோ ஒன்று அதில் எழுதியிருப்பதாகத் தோன்றும். கல்யாணமாகி ஓசூர் வந்து இருபது வருடம் ஆகியும் அந்தப் பயம் என்னை விட்டு இறங்கவில்லை.

டீச்சருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, தனி ஆள். ஜப்பானுக்கு வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் பயிற்சி மையம் ஒன்றில் வேலை. தமிழைப் புத்தகம் வைத்துப் படித்துவிட்டு வந்திருந்ததால் செய்தி வாசிப்பதுபோல் பேசுவார்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே தெருவில் வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து வணங்கி, அவர்கள் ஊர் வழக்கப்படி காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னக் கைத்துண்டை இரண்டு கையாலும் கொடுத்தார். நம் ஊரில் ஒருத்தர் வாசல் வாசலாக வந்து பொருள் கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதிர்வீட்டு அம்மா துண்டை வாங்கிக்கொண்டு, "எந்தச் சின்னத்துக்கும்மா ஓட்டு?" என்று கேட்டுவிட்டார். தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. புதிதாக வந்தவர் இப்படித் தெருவில் இறங்கலாமா, யாராவது போலீசுக்கு ஏதாவது எழுதிப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று நின்றேன்.

அன்று மாலை அதையே அவரிடம் கேட்டேன்.

"அக்கா, இங்கே எனக்கு யாரையும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் போகிறேன்" என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. பயம் வந்தால் நான் கதவைச் சாத்துவேன். இவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறார்.

போய்க்கொண்டே இருந்தார். ஒரு நோட்டில் தெருவில் உள்ளவர்களின் பெயர், உறவு, யார் வீட்டில் தெலுங்கு, யார் வீட்டில் கன்னடம் என்று எழுதி வைத்திருந்தார். எதிர்வீட்டு அம்மாவிடம் தெலுங்கில் நலம் விசாரித்து "பாகுன்னாரா?" என்பார். மாவு மில்காரரிடம் சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில் "ஊட்டா ஆயித்தா?" என்பார். பத்திரிகை வைத்தால் போதும், வந்து நிற்பார். கெலவரப்பள்ளிப் பக்கம் ஒரு மாணவனுடைய அக்கா நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பந்தியில் உட்கார்ந்து இலையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டார். ரசம் இன்னொரு முறை கேட்டார். அன்றோடு அந்த வீட்டாருக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

மாணவர்களின் பெற்றோர் அவரைத் தேடி எங்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். நாட்றாம்பாளையத்திலிருந்து ஒரு அப்பாவும் அம்மாவும் இரண்டு பஸ் மாறி, ஒரு பை அவரைக்காயோடு வந்தார்கள். "எங்க பொண்ணு அங்க தனியா பத்திரமா இருக்குமா மேடம்?" என்று அந்த அம்மா அழுதார். டீச்சர் தாளில் அந்த ஊரின் தெருவை வரைந்து, இங்கே விடுதி, இங்கே கடை, இங்கே ஆஸ்பத்திரி என்று காட்டினார். அந்த அம்மா தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு வேறு மாதிரி ஆட்களும் வந்தார்கள். மேடம் ஒரு வார்த்தை சொன்னால் கம்பெனியில் எடுத்துக்கொள்வார்களாமே என்று. மாடிப்படிக்குக் கீழே செருப்புகள் கூடின. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஜன்னல் வழியாக அந்தச் செருப்புகளை எண்ணுவேன். இத்தனை பேரில் யார் என்ன வில்லங்கத்தைக் கொண்டுவருவார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

வில்லங்கத்தைக் கொண்டுவந்தது நான்தான்.

அடுத்த தெருவில் தண்ணீர் லாரி ஓட்டும் முதலாளி ஒருவர். பதவி எதுவும் கிடையாது. அடுத்த முறை கவுன்சிலருக்கு நிற்கப்போகிறார் என்பதால் எல்லோரும் "தலைவரே" என்பார்கள். அவர் மகள் டீச்சரின் மாணவி. அவர் மனைவி எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்: "அக்கா, மேடம் போட்டோ நல்லதா ஒண்ணு அனுப்புங்க. வீட்டு விசேஷத்துக்கு." என் போனில் பொங்கலன்று எடுத்தது இருந்தது. என் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, கைகூப்பிச் சிரித்தபடி டீச்சர். உடனே அனுப்பிவிட்டேன். டீச்சர் அப்போது மாடியில்தான் இருந்தார். பதினான்கு படி ஏறிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நாலு நாள் கழித்துக் காய்கறி வாங்கப் போகையில் சாலை முனையில் பேனரைப் பார்த்தேன். தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. இரண்டு பக்கமும் கட்சிக் கொடி நிறத்தில் கரை. மேலே பெரிய தலைவர்களின் படங்கள், நடுவே இவர் வெள்ளைச் சட்டையில். கீழே "வாழ்த்தும் அன்பு உள்ளங்கள்" என்று வரிசையாக வட்டம் வட்டமாக முகங்கள். பைனான்ஸ்காரர், ஒர்க்‌ஷாப்காரர், கறிக்கடைக்காரர், அவர்களுக்குப் பக்கத்தில் என் புடவையோடு டீச்சர். கைகூப்பி ஓட்டுக் கேட்கிற மாதிரியே இருந்தார். கீழே "ஜப்பான் மேடம், ஜப்பான்" என்று போட்டிருந்தது.

அந்த மாதம்தான் டீச்சர் இன்னும் ஒரு வருடம் தங்க அனுமதி கேட்டுப் போட்டிருந்தார். ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க எந்த நாளும் ஆள் வரலாம் என்று சொல்லியிருந்தார். அவர் வந்த புதிதில், வெளிநாட்டுக்காரர் என்னென்ன செய்யக் கூடாது என்று எனக்குப் படித்துக் காட்டியதும் நினைவுக்கு வந்தது. சொன்ன வேலையைத் தவிர வேறு வேலை கூடாது. விலாசம் மாறினால் சொல்லாமல் இருக்கக் கூடாது. அரசியல் கூடவே கூடாது.

முதல் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவரிடம் சொன்னேன்.

"ஏன்டி, அதுல அவங்க மூஞ்சி தபால்தலை சைஸுக்குத்தான் கீது. யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்தேன்ல?"

"நீ கொசு போனாலும் பாப்ப. உன்னாட்டம் எல்லாரும் இருப்பாங்களா?"

"அவங்கள ஊருக்கு அனுப்பிட்டா?"

அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் வரை போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கும் பயம் வந்துவிட்டது.

நானே தலைவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் லாரிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"யக்கா, நம்ம மேடத்துக்கு ஒரு கௌரவம் பண்ணேன். இதப் போயி..."

"அவங்களுக்கு அது கூடாதுங்களாம். கொஞ்சம் எறக்கிடுங்க."

"இன்னும் மூணு நாளுக்கா. பொறந்தநாள் முடிஞ்சா பசங்களே எறக்கிடுவானுங்க."

"அதுக்குள்ள போலீஸ் வந்துட்டா?"

"வரட்டுமே. நம்ம ஆளுங்கதான். மேடத்துக்கோசரம் நான் பேசிக்கறேன்."

அதைக் கேட்டதும்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இவர் போய்ப் பேசினால், டீச்சர் இவர் ஆள் என்று இவரே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

"நீங்க பேசாதீங்க" என்றேன். சத்தமாக வந்துவிட்டது.

அவர் சிரிப்பு நின்றது. "போட்டோ குடுத்ததே நீங்கதான? நானா மாடி ஏறி வந்து எடுத்தேன்?" என்றார். அவர் மனைவி காபியோடு வந்தவர் அப்படியே நிலைப்படியில் நின்றுவிட்டார்.

மாலையில் டீச்சர் வந்தபோது நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. வகுப்பில் ஒரு மாணவன் பேனரைப் போனில் காட்டியிருக்கிறான். தலைவரின் மகளைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அந்தப் பெண் தனக்குத் தெரியவே தெரியாது என்று அழுதிருக்கிறது.

"நான் அவளை நம்பவில்லை, அக்கா. எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்."

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் குடுத்தேன்."

அவர் பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். அவரைப் பார்க்க வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் என்னைத்தான் கேட்டார்கள். மேடம் இருக்காங்களா, மேடம்கிட்ட சொல்லுங்க, மேடம் போட்டோ இருக்கா என்று. இருபது வருடமாக அந்தத் தெருவில் எனக்கு அக்கம்பக்கத்து வீடு தவிர யாரையும் தெரியாது. அவர் வந்த பிறகு நானும் ஒரு ஆளாகியிருந்தேன். தலைவர் வீட்டு அம்மாவே என்னைக் கேட்கிறாரே என்ற பெருமையில் விரல் தானாக அழுத்திவிட்டது.

டீச்சர் மேலே போய் ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் எழுதி எடுத்து வந்தார். தமிழில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி குண்டு குண்டான எழுத்து. இந்தப் படம் தனக்குத் தெரியாமல் போடப்பட்டது, தனக்கு எந்தக் கட்சியோடும் சம்பந்தம் இல்லை என்று இருந்தது. யார் கொடுத்தது என்று இல்லை. என் பெயரைப் போடுங்கள் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. நான் பேனாவை வாங்கி அடியில் எழுதினேன்: "படத்தை டீச்சரைக் கேட்காமல் அனுப்பியது வீட்டுக்காரியான நான்." கையெழுத்துப் போடும்போது கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

மறுநாள் காலையே போலீஸ்காரர் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனை நீட்டினார். பேனர்தான்.

"இது இவங்கதானா?"

"ஆமாங்க சார். படம் நான்தான் குடுத்தேன். அவங்களுக்குத் தெரியாது."

"எதுக்கும்மா குடுத்த?"

"கேட்டாங்க சார். பெருமைக்குக் குடுத்துட்டேன்."

அவர் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார். டீச்சரிடம், "அந்த ஃபங்ஷனுக்குப் போனீங்களா மேடம்?" என்றார். "போகவில்லை, போகவும் மாட்டேன்" என்றார் டீச்சர்.

"சரி. மேல அனுப்பறேன். அவங்க பாத்து முடிவு பண்ணுவாங்க."

அவர் வண்டி தெரு திரும்பும்வரை நின்றேன். எல்லா ஜன்னலிலும் முகங்கள் இருந்தன.

அன்று மத்தியானமே பேனர் இறங்கிவிட்டது. தலைவரின் மகள் வீட்டில் சண்டை போட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்து இறக்க வைத்ததாகச் சொன்னார்கள். அதற்கு மேல் மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. போலீஸ் வந்த வீடு என்று படிக்கட்டுக்குக் கீழே செருப்பே இல்லாமல் போனது. மாவு மில்காரர்கூட டீச்சரைப் பார்த்தால் மெஷினைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டீச்சர் வழக்கம்போல் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே போனார், வந்தார். மாடியில் அவர் பெட்டியை நகர்த்துகிற சத்தம் கேட்டால் கீழே நான் கைவேலையை விட்டுவிட்டுக் கேட்பேன்.

ஒரு சனிக்கிழமை போனைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். "ஒரு வருடம் கொடுத்துவிட்டார்கள்" என்றார். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "மாலையில் தண்ணீர் லாரி வீட்டுக்குப் போக வேண்டும், அக்கா" என்றார்.

"வேணாங்க மேடம். இப்பத்தான் தலை தப்பிச்சிருக்குது."

"அந்தப் பெண்ணை எல்லார் முன்னாலும் அழ வைத்தேன். இரண்டு மாதத்தில் அவள் ஜப்பான் போக வேண்டும். அப்பா கோபமாக இருந்தால் அனுப்ப மாட்டார்."

போனோம். தலைவர் எழுந்திருக்கவில்லை. டீச்சர் அந்தப் பெண்ணிடம் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டார். பெண் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டது. தலைவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு டீச்சரைப் பார்க்காமலே கேட்டார்:

"மேடம், அந்த ஊர்ல நெலம் ஆடுமாமே?"

ஜப்பானில் அடிக்கடி நிலநடுக்கம் வரும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. டீச்சர் இல்லை என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"ஆடும்" என்றார் டீச்சர். "என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்."

"செஞ்சு காட்டு பாப்பா, பாக்கலாம்" என்றார் தலைவர்.

இருபத்தொரு வயதுப் பெண் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்து, தலைக்கு மேல் ஒரு கையை வைத்து, இன்னொரு கையால் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டது. தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து, தரையில் கை ஊன்றிக் குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன்.

"காலு வெளிய தெரியுது" என்றேன்.

"உள்ள இழு பாப்பா, இன்னும் நல்லா உள்ள இழு" என்றார் அவர்.